நாலு கண் மஞ்சள் பேய்

அலுமாரியின் அடித்தட்டிலிருந்து அந்த மஞ்சள் துணியை இன்று காலையில் எடுத்தேன். மடித்து உள்ளே வைத்தேன். தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பவும் எடுத்தேன். கட்டில் விரிப்பாகப் பிறந்து பேயாக மாறிய துணி அது. நடுவில் நாலு ஓட்டைகள், ஒன்றுக்கொன்று நேராக இல்லை. வெட்டியவன் நான். முகர்ந்தால் மஞ்சள் வாசம் இன்னும் இருப்பதுபோலவும் இருக்கிறது, பூச்சிக் குண்டின் வாசம்போலவும் இருக்கிறது. "ஒண்டில் போடுங்கோ, இல்லாட்டி வையுங்கோ. பூனை குட்டி காவின மாதிரி அதைக் காவிக்கொண்டு திரியாதேங்கோ" என்று மனைவி சமையலறையிலிருந்து சொன்னாள். இன்று ஹலோவீன். மச்சாள் இல்லாத முதல் ஹலோவீன். எனக்கு ஒரு கதிரையில் இருக்க முடியவில்லை.

மச்சாள் என் மனைவியின் தங்கை. பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் வில்லரேப் பகுதியில், ஒரே வீட்டில் நாங்கள் கீழ்மாடி, அவள் மேல்மாடி. ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை பார்த்தாள். நாள் முழுக்க நாற்பது குழந்தைகளுக்குச் சூப் வைத்துவிட்டு வந்து, மிச்ச நேரத்தில் என்னைக் கிண்டல் செய்வதை ஓய்வாகக் கருதினாள். அவள் "அத்தான்" என்று கூப்பிட்டால் அதில் மரியாதை கால்வாசி, நக்கல் முக்கால்வாசி. நான் தும்மினால் மேல்மாடியிலிருந்து "அத்தான், ஆஸ்பத்திரிக்குச் சொல்லட்டே?" என்று குரல் வரும். நான் சின்ன விஷயத்துக்கும் பதறுகிறவன் என்பது குடும்பத்துக்கே தெரியும். ஆனால் அந்த வருஷம் பதறியதற்கு ஒரு நியாயம் இருந்தது.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் அது. வீட்டில் வாய் ஓயாது. வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. ஆசிரியை எங்களை அழைத்து, வகுப்பு தொடங்கியதிலிருந்து பிள்ளை ஒருவரோடும் பேசவில்லை, பிரெஞ்சு விளங்குகிறது, கதவைத் திற என்றால் திறக்கிறாள், வாயை மட்டும் திறக்கமாட்டேன் என்கிறாள் என்றார். இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்று அவர் மென்மையாகத்தான் சொன்னார். நான் பஸ்ஸில் வீடு வருவதற்குள் பிள்ளையின் முழு வாழ்க்கையையும் நினைத்து முடித்துவிட்டேன். பரீட்சையில் வாய்ப்பேச்சுக்குச் சைபர். வேலைக்கு நேர்முகத்தில் மௌனம். கல்யாணத்தில் சம்மதமா என்று கேட்டால் கூரையைப் பார்க்கிறாள். பக்கத்தில் இருந்த மனைவி, "இன்னும் பல்லே விழேல்லை, அதுக்குள்ளை கல்யாணமோ?" என்றாள்.

இந்த நிலையில், பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கும் ஹலோவீன் வந்தது. மகள் பேயாகத்தான் போவேன் என்றாள். பிரெஞ்சில் ஃபாந்தோம் என்று எங்களுக்குச் சொல்லியும் காட்டினாள். எனக்குப் பெரிய நிம்மதி. வெள்ளைத் துணியைப் போர்த்தால் குருடனுக்கும் தெரியும் பேய் என்று. ஒருவரும் "நீ யார்?" என்று கேட்கமாட்டார்கள். கேட்காவிட்டால் பிள்ளை பதில் சொல்லத் தேவையில்லை. மிட்டாய் கேட்பதை நான் பின்னால் நின்று கேட்டுவிடுவேன். பிள்ளையின் வாய்க்கு வேலையே வராதபடி ஒரு திட்டம் போட்டேன். என்ன மூளை எனக்கு. புது விரிப்பு வாங்கி, மகளின் தலையில் போட்டு, பென்சிலால் குறித்து, கண்களை வெட்டினேன். அழகாக வந்தது. பிறகுதான் குளிர் ஞாபகம் வந்தது. தடித்த ஜாக்கெட்டும் தொப்பியும் போட்டுப் பார்த்தால் துணி மேலே ஏறி, கண்கள் இரண்டும் நெற்றிக்குப் போய்விட்டன. இந்த ஊரில் பேய்க்கும் குளிரும் என்பதை மறந்துவிட்டேன். கீழே இன்னும் இரண்டு வெட்டினேன். அவசரத்தில் அவை கோணலாகப் போயின.

அப்போதுதான் மச்சாள் இறங்கி வந்தாள். துணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அத்தான், நாலு கண் என்னத்துக்கு? ரெண்டு போடுறதுக்கும் ரெண்டு கழட்டி வைக்கிறதுக்குமோ?"

பிறகு முகம் மாறியது. கோடித் துணி, அதுவும் தனி வெள்ளை, மஞ்சள்கூடப் பூசாமல் பிள்ளைக்குப் போர்ப்பதா என்றாள். "செத்தவீட்டுக்கோ வெளிக்கிடுத்துறியள்?" புதுத் துணி என்றால் மூலையில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்துத்தானே எங்களில் உடுப்பது. சரி, ஒரு பொட்டுத்தானே என்று கொடுத்துவிட்டேன். அவள் மேலே கொண்டுபோனாள். நேரம் போனது. வெளியே முதல் பிள்ளைகள் சத்தம் கேட்டது. மகள் ஜாக்கெட்டோடு கதவடியில் வியர்த்துக்கொண்டு நின்றாள். நான் படியேறிப் போனால் மச்சாள் குளியலறையில், முழங்கை வரைக்கும் மஞ்சளாக, வாளிக்குள்ளிருந்து துணியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். "கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல.

கொஞ்சமா? பூரண மஞ்சள். தலைமயிர் காயவைக்கும் மெஷினை எடுத்து நான் ஒரு பக்கமும் ஹீட்டர் மறு பக்கமுமாகத் துணியைக் காயவைத்தோம். நான் கத்தினேன். பேய் எங்கேயாவது மஞ்சளாக இருக்குமா, இனி எல்லாரும் கேட்கப்போகிறார்கள், பிள்ளை என்ன செய்யும் என்று கத்தினேன்.

"பேயை நீங்கள் எங்கை கண்டனீங்கள் அத்தான்? எங்கட வீட்டுப் பேய் மஞ்சள்தான்."

தெருவில் இறங்கினோம். நான் பயந்தபடியே நடந்தது. முதல் வீட்டுக் கிழவி குனிந்து, அன்பாக, கோழிக்குஞ்சா என்று பிரெஞ்சில் கேட்டார். மகள் பேசவில்லை. நான் அவசரமாக வாய் திறக்க, மச்சாள் என் கையைக் கிள்ளினாள். அடுத்த வீட்டில் எலுமிச்சம்பழம் என்றார்கள். துணிக்குள் மூச்சு வாங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அழப்போகிறாள், தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று நினைத்தேன். மூன்றாவது வீட்டில் தாடி வைத்த ஒரு மனுஷன், வீட்டுக்குள் இருந்தவர்களையும் கூப்பிட்டு, வாழைப்பழம் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றான். துணிக்குள் இரண்டு கைகள் இடுப்புக்குப் போயின. பிறகு அந்தக் குரல் வந்தது. "நோன். ஃபாந்தோம்." தெருவுக்கே கேட்டிருக்கும். வாழைப்பழம் இல்லை, கோழிக்குஞ்சு இல்லை, எலுமிச்சம்பழமும் இல்லை என்று முதல் இரண்டு வீட்டுக் கணக்கையும் அவனிடமே தீர்த்தாள். அதன் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் கதவு திறக்க முன்னமே "நான் பேய்" என்று பிரெஞ்சில் அறிவித்தாள். நான் ஒரு மரத்தடியில் நின்று மூக்கைச் சிந்தினேன். "குளிர்தானே அத்தான்" என்றாள் மச்சாள். அவளும் சிந்திக்கொண்டுதான் நின்றாள்.

இதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் ஒரு பிறந்தநாளோ சாமத்தியவீடோ அந்தக் கதை இல்லாமல் முடிந்ததில்லை. சொல்லச் சொல்ல அது அவளுடைய திட்டமாக மாறியது. "பார்த்தவுடனே எல்லாருக்கும் விளங்கினால் பிள்ளை ஏன் வாய் திறக்கவேணும்? அதுதான் மஞ்சளிலை போட்டனான்" என்பாள், என்னை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு. கொஞ்சம் கூடிப்போச்சு என்று வாளியடியில் சொன்னதை நான் காதால் கேட்டவன். ஒரு நாளும் சபையில் அதை எடுக்கவில்லை. ஒரு நாள் எடுத்து அவளை மடக்கலாம் என்று வைத்திருந்தேன். போன குளிர்காலத்தில், நல்ல சந்தர்ப்பம் வருமுன், அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை. மேல்மாடியில் இப்போது வேறு ஆட்கள். நான் தும்மினால் மேலே ஒரு சத்தமும் இல்லை.

மகள் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படிக்கிறாள். அங்கே மண்ணோடுகூடப் பேசுகிறாள் என்று கேள்வி. பின்னேரம் போன் எடுத்தாள். "அப்பா, சித்தியின்ர துணி இருக்கோ?" இருக்கிறது என்றேன். "தோய்ச்சுப் போடாதேங்கோ. இண்டைக்கு நீங்கள் போடுங்கோவன்."

போட்டேன். என் உயரத்துக்கு இடுப்புவரைதான் வந்தது. எந்தக் கண்ணால் பார்ப்பது என்று தெரியாமல் மிட்டாய்ச் சட்டியோடு வாசலில் நின்றேன். இருட்டத் தொடங்கும்போது ஒரு தமிழ்ப் பெடியன் சின்ன மகளோடு படியேறினான். பிள்ளையின் ஜாக்கெட்டில் கறுப்பு டேப்பால் வரி போட்டு, முதுகில் இரண்டு இறக்கை. தேனீ என்று எந்தக் குருடனுக்கும் தெரியும். பிள்ளை சட்டியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றது. "கேளன் பிள்ளை" என்று பெடியன் பின்னால் நின்று தவித்தான். "வெளியிலை கதைக்கமாட்டாள் அண்ணை" என்றான் என்னிடம். அந்த முகத்தை நான் கண்ணாடியில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் குனிந்தேன். "ஆர் இது, அன்னாசிப்பழமோ?"

பிள்ளையின் புருவம் சுருங்கியது.

"கத்தரிக்காய்."

பெடியன் சொல்ல வாய் திறந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தேனீ" என்றது பிள்ளை, பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தது. "நீங்கள் என்ன?"

"பேய்."

"பேய் வெள்ளை."

மேலே பார்த்தேன். மேல்மாடி யன்னலில் யாரோ விளக்கைப் போட்டார்கள்.

"எங்கட வீட்டுப் பேய் மஞ்சள்தான்" என்றேன்.