சொர்ணத்தின் பெயரில் பதினொரு நம்பர்

சொர்ணலட்சுமியின் கைகள் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தன. பசை தடவிய தாளை இரும்புக் கம்பியின் மேல் வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஒரே தள்ளு. குழாய் சுருண்டு, கம்பியிலிருந்து கழன்று கூடையில் விழும். வெடிமருந்து சேராத வெறுங்குழாய் என்பதால் வீட்டில் வைத்து உருட்டலாம். பகலில் நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி, பொழுது சாய்ந்தால் இது. அவள் கணவர் காசிராஜன் லோடு ஏற்றும்போது முதுகில் அடிபட்டதிலிருந்து ஆறு வருடமாக இப்படித்தான். சமையல் அவர் பொறுப்பு. அவளை விட நன்றாகவே சமைக்கிறார்.

நான் நர்ஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். மாதம் இரண்டு முறை காசிராஜனுக்குப் பிரஷர் பார்க்கப் போவேன். அன்றைக்கு அவருக்குப் பிரஷர் சரியாக இருந்தது. சொர்ணத்தின் முகம்தான் சரியாக இல்லை.

"ஏம்மா, உடம்புக்கு ஆகலையா?"

"உடம்பு கல்லு மாதிரி இருக்கு நர்சம்மா. போனுக்குத்தான் ஆகல. வார போன் வருது, நான் போட்டா போக மாட்டேங்கு."

"ரீசார்ஜ் முடிஞ்சிருக்கும்."

"முந்தாநாளுதான் போட்டேன். கூட வேலை பாக்குற மாரித்தாயிக்கும் இப்படித்தான் ஆகுதாம். ரெண்டு பேரும் ஒரே கடையில போட்டோம்னு அந்தக் கடைக்காரரை அவ வஞ்சு தீத்துட்டா."

உள்ளேயிருந்து காசிராஜன் சொன்னார்: "பாவம், அவரு போணி பண்ணக்கூட விடல இவளுக."

சிரிக்கிற விஷயமாக அது இருக்கவில்லை. ஆமத்தூரிலிருந்து கம்பெனி வேனில் சொர்ணத்தோடு சேர்த்து ஒன்பது பெண்கள் போகிறார்கள். காலை நாலரை மணிக்குக் கம்பெனியிலிருந்து சொர்ணத்துக்குப் போன் வரும். இன்றைக்கு எத்தனை ஆள், எந்த ஷெட், வேலை உண்டா இல்லையா என்று சொல்வார்கள். அவள் எட்டு வீட்டுக்கும் போன் போடுவாள். மாரித்தாய்க்கு இரண்டு தடவை அடிக்க வேண்டும். பேச்சியம்மாள் வருகிறேன் என்றால் வரமாட்டாள், பார்க்கிறேன் என்றால் வந்துவிடுவாள். மழை பெய்தால் வேலை இல்லை. அப்போதும் எட்டுப் பேருக்கும் போன் போட்டு, "மழை பெய்யுது, படுங்கடி" என்று சொல்லிவிட்டுத்தான் தான் படுப்பாள். இந்த வேலைக்கு அவளுக்குத் தனியாக ஒன்றும் கிடையாது. அவள் போன் போடாவிட்டால் வேன் காலியாகப் போகும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அன்று காலை அவளே வீடு வீடாக நடந்து கதவைத் தட்டியிருக்கிறாள். கடைசித் தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் வேன் கிளம்பிவிட்டது. இரண்டு பெண்களுக்கு அன்றைய வேலை போயிற்று.

போனை வாங்கிப் பார்த்தேன். விளம்பரங்களுக்கு நடுவே, ஒரு மாதத்துக்கு முன் வந்த ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்று கிடந்தது. அவள் பெயரில் அனுமதித்த அளவுக்கு மேல் இணைப்புகள் இருக்கின்றனவாம். சரிபார்க்காவிட்டால் முப்பது நாளில் போன் போகாது, நாற்பத்தைந்து நாளில் வராது, அறுபது நாளில் நம்பரே இருக்காது.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு யாருகிட்டயாவது கேட்டியா?"

"லோன் வேணுமான்னு கேட்டிருக்கான்னு நெனச்சேன்."

அடுத்த நாள் அவள் லீவு போட்டாள். இருவரும் பஸ் ஏறிச் சிவகாசியில் உள்ள செல்போன் கம்பெனி ஷோரூமுக்குப் போனோம். அங்கே கீர்த்திகா என்றொரு பெண். பேச்சு கொஞ்சம், வேலை அதிகம். எனக்குப் பிடித்தது. அரசாங்க இணையதளத்தில் சொர்ணத்தின் நம்பரைப் போட்டு, வந்த ஓடிபியைக் கேட்டு வாங்கி, திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.

"உங்க ஆதார்ல பதினொரு நம்பர் இருக்குக்கா. ஒருத்தருக்கு ஒம்பதுதான் கணக்கு. ஆறு எங்க கம்பெனி, அஞ்சு எதிர்த்த ஷோரூம் கம்பெனி."

"என் வீட்ல இருக்கிறதே ஒத்தப் போனு. அதையும் அவுகதான் பாட்டுக் கேக்க வச்சிருப்பாக."

"அப்ப யாருக்கு வாங்கிக் கொடுத்தீங்க?"

சொர்ணம் திரையைப் பார்த்தாள். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

மூன்று வருடத்துக்கு முன்பு அவளும் இதே பெண்களும் வேறொரு கம்பெனியில் இருந்தார்கள். தீபாவளி சீசனுக்கு ஆர்டர் பிடிக்க அந்தக் கம்பெனிக்காரருக்கு நிறைய சிம் தேவைப்பட்டது. ஷெட்டில் இருந்த பெண்களை வரிசையில் நிற்க வைத்து மிஷினில் விரல் வைக்கச் சொன்னார்கள். வருடக்கணக்கில் மருந்திலும் திரியிலும் தேய்ந்த விரல்கள். ஒன்றையும் மிஷின் ஏற்கவில்லை. பேக்கிங்கில் இருந்த சொர்ணத்தின் விரலை மட்டும் ஏற்றுக்கொண்டது. "உன் கைராசி நல்ல ராசிம்மா" என்று சொல்லி இரண்டு நாளில் பத்துத் தடவை வைக்க வைத்திருக்கிறார்கள். அவள் சொந்த நம்பரோடு பதினொன்று. சீசன் முடிந்ததும் எட்டு சிம்மை அந்தப் பெண்களுக்கே போனஸோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார் முதலாளி. அதிரசப் பெட்டி மாதிரி ஆளுக்கொன்று. யார் பெயரில் இருக்கிறது என்று கொடுத்தவரும் பார்க்கவில்லை, வாங்கியவர்களும் கேட்கவில்லை. அடுத்த வருடம் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

"அப்படீன்னா வேன்ல வார எட்டுப் பேரும் என் பேர்லயா பேசிக்கிட்டு இருக்காளுக?" என்றாள் சொர்ணம்.

அவள் போனில் இருந்த நம்பர்களோடு திரையில் தெரிந்த கடைசி எண்களை ஒத்துப் பார்த்தோம். எட்டும் அவளுகள்தான். மீதி இரண்டை நாங்கள் தேட வேண்டியிருக்கவில்லை. கடைசி நாலு எண்ணைப் பார்த்ததுமே இரண்டு நம்பரையும் முழுதாகச் சொன்னாள் சொர்ணம்.

"வெலைப் பட்டியல்ல அச்சடிச்ச நம்பரு நர்சம்மா. பெட்டிக்கு ஒண்ணா ரெண்டாயிரம் பெட்டிக்குள்ள வச்சிருக்கேன். மறக்குமா?"

மூடிய கம்பெனியின் நம்பர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க என் போனிலிருந்து அடித்தோம். ஒன்று அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இன்னொன்றை ஒரு ஆண்குரல் எடுத்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆர்டருங்களா? லிஸ்ட் வாட்ஸ்அப்ல அனுப்புறேன். பாதி அட்வான்ஸ் போட்டா லாரி ஆபீசுக்குப் பார்சல் வந்துரும்."

"யாரு சரக்கு?" என்றாள் சொர்ணம்.

"நம்ம சொந்த பேக்டரிதாங்க."

"எங்கன இருக்கு?"

"சிவகாசிலதான்."

"சிவகாசில எங்கன?"

கொஞ்சம் யோசித்தான். "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி."

கீர்த்திகாவே சிரித்துவிட்டாள். பட்டாசுக் கம்பெனிக்கு ஊருக்கு வெளியே, ஷெட்டுக்கு ஷெட் இடம் விட்டுத்தான் லைசென்ஸ் கொடுப்பார்கள். இந்தப் பக்கத்தில் நாலு வயதுப் பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மருந்து அலசிக் கலந்தா ஊரு இருக்குமா தம்பி? நீ பேசுற சிம்மு என் பேர்ல இருக்கு. சொர்ணலட்சுமி, ஆமத்தூரு. நீ இந்தப் பக்கமே வந்தவன் இல்லை."

போன் வைக்கப்பட்டது. நான் அவளிடம் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். ஏமாந்தவர்கள் எத்தனை பேரோ, புகார் கொடுத்தால் போலீஸ் முதலில் வந்து நிற்பது அவள் வாசலில்தான். அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கீர்த்திகா திரையைக் காட்டினாள். ஒவ்வொரு நம்பருக்கும் எதிரே மூன்று வழி இருந்தது. இது என் நம்பர் இல்லை, இது எனக்குத் தேவையில்லை, இது எனக்குத் தேவை.

"என் நம்பர் இல்லைன்னு போட்ருவோமாக்கா?"

"வாங்குனது நாந்தானத்தா. வெரல் வச்சிட்டு இல்லைன்னு எப்படிச் சொல்ல? தேவையில்லைன்னு போடு."

இரண்டுக்கும் அப்படியே போட்டாள். ஒன்பது ஆயிற்று. சட்டப்படி அது போதும், ஒரு நாளில் போன் மறுபடி போகத் தொடங்கிவிடும் என்றாள் கீர்த்திகா. நான் அதோடு விடவில்லை.

"மீதி எட்டையும் வெட்டிவிடு சொர்ணம். அவளுக புதுசா வாங்கிக்கட்டும். நாளைக்கு அதுல எவளாவது போனைத் தொலைச்சு, அது எவன் கையிலயாவது போனா, மறுபடியும் நீதான்."

"மாரித்தாயி மகன் பஹ்ரைன்ல இருக்கான். அவன் கூப்பிடுறது அந்த நம்பருக்கு. பேச்சிக்கு ஆஸ்பத்திரி சீட்டுல அந்த நம்பருதான். மூணு வருசமா அவளுக நம்பரு அது. நான் எப்படி வெட்ட?"

"அப்ப மாட்டிக்கோ."

"மாட்டிக்கவும் மாட்டேன்" என்றவள் கீர்த்திகா பக்கம் திரும்பினாள். "நம்பரு அப்படியே இருக்கணும், பேரு மட்டும் மாறணும். வழி இருக்காத்தா?"

அந்த ஷோரூமில் வழி இருந்தது. கொடுப்பவரும் வாங்குபவரும் ஆதாரோடு நேரில் வர வேண்டும், ஆட்சேபணை இல்லை என்று சொர்ணம் ஒவ்வொரு நம்பருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். எதிர்த்த ஷோரூமிலும் போய்க் கேட்டோம். அங்கேயும் அதே பதில்.

அவளுகளைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன் என்று சொர்ணம் என் போனை வாங்கி மாரித்தாய்க்கு அடித்தாள். ஒரு ஆண்குரல்.

"யாரது? மாரித்தாயி ஷெட்டுக்குள்ள இருக்கு."

கம்பெனி வாட்ச்மேன் கருப்பணன். கேட்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. எல்லாருடைய போனும் அவர் அறையில் ஒரு மரப்பெட்டிக்குள் கிடக்கும். சொர்ணம் வைத்துவிட்டுப் பேச்சியம்மாளுக்கு அடித்தாள். அதே குரல். மூன்றாவதாக ஒருத்திக்கு அடித்தபோது அவர் பொறுமை போய்விட்டது.

"எந்த ஊருப் பொம்பளை நீ? பெட்டிக்குள்ள ஒவ்வொரு போனா அடிச்சு வெளையாடுதியா? ஒண்ணைத் தேடி எடுக்கதுக்குள்ள அடுத்தது கத்துது."

"அண்ணே, நாந்தான் சொர்ணம்."

"நீயா? லீவு போட்டுட்டு இந்த வேலைதான் பாக்கியா?"

"கோவிச்சுக்காதீக. சோத்து நேரத்துல எட்டுப் பேருகிட்டயும் சொல்லுங்க. நாளைக்கு ஆதார் கார்டு எடுத்துட்டு வரணும். என்ன ஏதுன்னு நான் வேன்ல சொல்றேன்."

"எட்டுப் பேரும் கல்யாணம் கில்யாணம் பண்ணப் போறாளுகளா?"

"ஆமா, மாப்பிள்ளை நீங்கதான். சொல்லிருங்கண்ணே."

மற்ற ஐந்து பேருக்கு அவள் அடிக்கவில்லை. பொய் ஆர்டர் பிடிக்கிறவனைப் பற்றி ஒரு வெள்ளைத் தாளில் புகார் எழுதி, போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்து, ரசீது வாங்கினோம். பஸ்ஸில் வரும்போது அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் ஆமத்தூர் வரும்வரை எழுப்பவில்லை.

மறுநாள் காலை நாலரைக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தபோது, ஒன்பது ஆளும் அரைநாளைக்குத்தான் வருவோம் என்று சொர்ணம் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் வேறு ஊர் வேனைக் கூப்பிடுவோம் என்றார்களாம். "கூப்பிடுங்க. நாங்க இன்னைக்குப் பேரை மாத்திட்டுத்தான் வருவோம்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். அவள் போனிலிருந்து இன்னும் அழைப்பு போகவில்லை. எட்டுப் பேரையும் எழுப்ப ஆறு தெருவும் நடந்தே போனாள்.

பத்து மணிக்கு ஷோரூம் ஷட்டர் உயர்ந்தபோது, ஒன்பது பெண்கள் தூக்குச்சட்டியோடு படியில் உட்கார்ந்திருந்தார்கள். விரல் ரேகைக்குப் பதிலாக, கீர்த்திகா தன் கம்பெனி நம்பர் வைத்திருந்த ஐந்து பேரையும் வெள்ளைச் சுவர் முன் நிறுத்திப் போட்டோ எடுத்தாள். ஆள் நேரில் நிற்பதற்குச் சாட்சியாகக் கண்ணைச் சிமிட்டச் சொன்னால் மாரித்தாய் இறுக்க மூடிக்கொண்டாள். நாலாவது தடவை பேச்சியம்மாள், "ஏய், அங்க பாரு, உன் மகன் வாரான்" என்றதும்தான் திறந்தாள். சொர்ணம் ஐந்து தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ரோட்டைக் கடந்து எதிர்த்த ஷோரூமில் மூன்று தாளில் போட்டாள். பதினொன்றே முக்காலுக்கு, வேறு ஊர் வேனைக் கூப்பிடாமல் கம்பெனி அனுப்பிவைத்த அதே வேனில் எல்லோரையும் எண்ணி ஏற்றிவிட்டு, கடைசியாகத் தான் ஏறிக் கதவைச் சாத்தினாள். வேன் நாரணாபுரத்துக்குக் கிளம்பியது.