அவுட்டோருக்குக் கட்டிய வீடு

வீட்டைச் சூடாக்கும் மெஷினைப் பழுதுபார்க்க இங்குன் முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு அவளைப் பிடிக்கவே இல்லை. சுவருக்கு வெளியே இருந்த அதன் அவுட்டோர் பெட்டிக்கு முன்னால் பனியில் மண்டி போட்டுக்கொண்டு, "காபி வேணாம் அக்கா. பிரஷர் கேஜ்ல முள்ளு நிக்கட்டும், அப்புறம் பாப்போம்" என்றாள். எங்கள் பக்கத்தில் பாதிரியாரே வந்தாலும் காபி குடித்துவிட்டுத்தான் வந்த காரியத்தைப் பேசுவார். இவளுக்கு என்ன திமிர் என்று நினைத்தேன்.

ஆனால் எனக்கு வேறு கதியில்லை. என் வீட்டுக்காரர் ஓட்வார் நுரையீரல் கெட்டுப்போய் ட்ராண்ட்ஹைம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனிமேல் புகையே ஆகாது, விறகடுப்பை மூட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டைச் சூடாக்க மிச்சமிருந்தது, வெளிக்காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சி உள்ளே விடும் இந்த ஹீட் பம்ப் ஒன்றுதான். மறுநாள் அவரை அழைத்து வருவதாக ஏற்பாடு. கூட வரும் நர்ஸ், வீடு குளிர்ந்து கிடந்தால் அதே வண்டியில் முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவாள். "அங்க போனா நான் திரும்பி வரமாட்டேன், தோர்டிஸ்" என்று போனில் சொன்னார். சும்மா பயமுறுத்துகிற ஆளில்லை அவர்.

அந்தப் பாழாய்ப்போன மெஷினோ ஓடுவதும் நிற்பதுமாக உயிரை வாங்கியது. இவளுக்கு முன்னால் வந்த மெக்கானிக் கேஜை மாட்டிப் பார்த்து, "பிரஷர் கம்மி, எங்கேயோ லீக்" என்று கேஸ் அடைத்தான். மறுபடி வந்து மறுபடியும் அடைத்தான். அதற்கப்புறம் பிரஷர் எக்கச்சக்கமாக ஏறி மெஷின் தானாகவே அணைய ஆரம்பித்தது. கம்ப்ரசர் போச்சு, புதுசு வாங்குங்க என்று கைகழுவிவிட்டான்.

இங்குன் வேலை கற்றது மீன்பிடிக் கப்பலில். நடுக்கடலில் குளிர் அறை நின்றுபோனால் பிடித்த மீனெல்லாம் நாசம், உதவிக்கு ஒரு ஆள் வராது. முதுகு மக்கர் செய்ததால் கரைக்கு வந்தவள். ஒரு வேன், ஒற்றை ஆள், வாயைத் திறந்தால் கப்பல் வசவு.

உள்ளே இருந்த கேஸ் முழுவதையும் ஒரு சிலிண்டருக்குள் இழுத்துத் தராசில் வைத்தாள். மெஷின்மேல் எழுதியிருந்த அளவைவிடக் கூடுதலாக இருந்தது.

"லீக்காம் லீக்கு! லீக்குன்னா கம்மியால்ல இருக்கணும்? தொண்டை வரைக்கும் திணிச்சு வெச்சிருக்கான் படுபாவி."

"அப்போ இனிமே சரியாயிடுமா?"

"அடைச்சது தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. மொதல்ல ஏன் பிரஷர் கொறஞ்சுதுன்னு தெரியலையே."

சரியான எடைக்குக் கேஸை ஏற்றி ஓடவிட்டாள். நன்றாகத்தான் ஓடியது. கொஞ்ச நேரத்தில் முள் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது, பெட்டியின் பின்பக்கக் குழாய்ச் சுருளான காயில் முழுக்க ஐஸ் பூத்தது. வேறு யாரையாவது கூப்பிடட்டுமா என்று கேட்டுவிட்டேன்.

"கூப்பிடுங்களேன், யாரு வேணாங்கறா? அவங்க வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். இதை விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது."

சொல்லிவிட்டு, பெட்டியை மூடியிருந்த மரக்கூண்டுக்குள் கையை நீட்டினாள். சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

எங்கள் தெருவில் அவுட்டோர் பெட்டியை அம்மணமாக விட்டால் மானக்கேடு. எல்லோரும் மரச்சட்டத்தில் கூண்டு செய்து மூடுவார்கள். ஓட்வார் ஒரு குட்டி வீட்டையே கட்டிவிட்டார். எங்கள் வீட்டைப் போலவே சிவப்புப் பெயிண்ட், வெள்ளை மூலைகள், கூரைமேல் புல். பார்க்கிறவர்கள் நின்று போட்டோ எடுப்பார்கள். பனி உள்ளே போகக்கூடாதென்று, படுக்கையில் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சட்டங்களை நெருக்கி நெருக்கி அடித்திருந்தார்.

இங்குன் வெளியே ஒருமுறை, கூண்டுக்குள் ஒருமுறை தெர்மாமீட்டரைப் பிடித்தாள். "வெளிய மைனஸ் பன்னெண்டு. உள்ள மைனஸ் இருபது! மெஷின் விடற குளிர்காத்து வெளிய போக வழியில்ல. விட்டதையே திரும்பத் திரும்ப உறிஞ்சுது. பிரஷர் எப்படி நிக்கும்? இதைப் பிரிங்க அக்கா."

"முடியாது. அது அவரு கையால செஞ்சது."

"உங்களுக்கு அவரு வேணுமா, அவரு கட்டின வீடு வேணுமா?"

பளாரென்று அறைந்துவிடலாமா என்றிருந்தது. ஆனால் அவள் கேட்டதில் என்ன தப்பு? ஸ்க்ரூவெல்லாம் பெயிண்டுக்கு அடியில் உறைந்து கிடந்தன, திருகவே வரவில்லை. விறகுக் கொட்டகையிலிருந்து கோடாலியைக் கொண்டுவந்து "தள்ளும்மா" என்றேன். அழுதுகொண்டேதான் வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் அவரைத் திட்டினேன், இவளையும் திட்டினேன். இங்குன் உடைந்த சட்டங்களைப் பொறுக்கி ஓரமாகப் போட்டாள்.

காயிலில் இருந்த ஐஸை வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கரைத்து, மறுபடி ஓட்டினோம். முள் ஏறியது, ஏறிய இடத்திலேயே நின்றது. அதற்கப்புறம் இங்குன் உள்ளே வந்து, குவளை குவளையாக என் காபி முழுவதையும் காலி செய்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வண்டி வந்தது. இறங்கியதும் ஓட்வாரின் கண் பனியில் கிடந்த சிவப்புக் கட்டைகள் மேல்தான் போனது.

"யாருடி உடைச்சது?"

"நான்தான். கோடாலியால."

மூச்சு வாங்க வாங்க ஒரு கட்டையைக் காலால் புரட்டிப் பார்த்தார். "மூலையெல்லாம் கெட்டியா செஞ்சிருந்தேனே. சுலபமா வந்திருக்காதே?"

"உயிரை எடுத்துடுச்சு."

"அதானே பாத்தேன்" என்றார், பெருமையாக.

உள்ளே வந்ததும் நர்ஸ் கோட்டைக் கழற்றாமல் நடுக்கூடத்தில் நின்று, சுற்றிலும் பார்த்தாள். ஓட்வார் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜாக்கெட்டைக் கழற்றினார். கம்பளிச் சட்டையையும் கழற்றி, "புழுங்குது" என்று என்னிடம் நீட்டினார்.

நர்ஸ் கதவைத் திறந்து, இன்ஜினை அணைக்காமல் காத்திருந்த டிரைவரிடம் சொன்னாள்: "நீங்க கிளம்புங்க. இவரு இங்கதான் இருக்கப் போறாரு."