கண்ணாடியில் வைத்த பொட்டு

மெஷினைக் கெடுத்தவள் நான். என் மருமகள் கலைவாணி அல்ல. கேட்டுக்கொள்ளுங்கள்... இன்னொரு முறை சொல்ல மாட்டேன்!

பட்டுத் தறிக்கு டிசைன் அட்டை அடித்துக் கொடுக்கிற கடை எங்களுடையது. எந்த இழை மேலே எழும்ப வேண்டும் என்பதை அட்டையில் விழுகிற ஓட்டைதான் தறிக்குச் சொல்லும். வீட்டுக்காரர் போன பிறகு, எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டுமே தெரிந்த நான்தான் அந்தக் கடையைக் கட்டிக் காத்தேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. ஏன் இருக்கக் கூடாது?

பிறகு என் மகன் சீனாவிலிருந்து வந்த லேசர் மெஷினை வாங்கிப் போட்டான். வெறும் ஒளியாலேயே அட்டையைத் துளைக்கும். ஆனால் அதன் குடுமி விற்றவன் கையில்! அவன் கொடுத்த, பென் டிரைவ் மாதிரியான சாவி ஒன்றைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் ஓடும். சாவி மக்கர் செய்தால் மெஷின் வெறும் பெட்டி. கூப்பிட்டால் வர மாட்டான். வந்தாலும், "புதுசா வாங்கிக்கங்க" என்பான். பாவி!

கலைவாணிக்குப் பொறுக்கவில்லை. மெஷினை ஓட்டுகிற போர்டைக் கழற்றினாள், வேறொன்றைப் பொருத்தினாள், கம்ப்யூட்டரில் வேறு சாஃப்ட்வேரும் போட்டாள்.

"இந்த சாஃப்ட்வேருக்குப் பூட்டு கிடையாது அத்தே. எழுதனவங்களே எல்லாருக்கும் தொறந்து வெச்சிருக்காங்க. நமக்கு வேணுங்கிற மாதிரி மாத்திக்கலாம்."

"சொந்தக்காரன் இல்லாத சாமான என் கடைக்குள்ள உடுறியா?"

"நீங்க ஒரு சொந்தக்காரி போதாதா?" என்று சிரித்தாள்.

மெஷின் ஓடியது. முன்னைவிட நன்றாகவே ஓடியது. அட்டை வாங்க வந்த ஐயம்பேட்டைக்காரர் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, உன் மருமவ மெஷினுக்கே மாமியாரா ஆய்ட்டா போல!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்... வயிறு எரிந்தது.

ஆயுத பூஜை வந்தது. சந்தனக் கிண்ணத்தோடு நின்ற என்னிடம் அவள் சொன்னாள்: "மேல வைங்க அத்தே. மூடிய மட்டும் தொறக்காதீங்க. உள்ள கண்ணாடி இருக்குது, வெரலு பட்டாலே கெட்டுடும்."

திறக்காதே! என் கடையில்! என்னிடம்!

அவள் பூசணிக்காய் எடுக்கப் போனாள். நான் மூடியைத் திறந்தேன். லேசரைத் திருப்பிவிடுகிற சின்ன வட்டக் கண்ணாடி... நடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டேன். பக்தியா? இல்லை. வீம்பு!

பூஜை முடிந்து மெஷினைப் போட்டதுமே கருகல் வாடை. கண்ணாடி கறுத்து வெடித்துவிட்டது. கல்யாணப் புடவைக்கு அட்டை கேட்டு வந்தவர் எதிரிலேயே மகன் கத்தினான்: "ஓசி சாஃப்ட்வேர் போட்டா இப்டித்தான் ஆவும்!"

அவள் என் பக்கம் திரும்பினாள். "அத்தே, உள்ள பொட்டு வெச்சீங்களா?"

"நான் எதுக்குடி உள்ள கைய உடப்போறேன்? மேலதான் வெச்சேன்."

"நீ கெடுத்துட்டு எங்கம்மா மேல போடுறியா?" என்றான் மகன்.

கண்ணாடியைப் பிடித்திருந்த திருகாணி ஓரத்தில், கருகாமல் ஒரு துளி குங்குமம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன்.

முந்தானையால் அதைத் துடைத்தாள். "நான்தான் பவர ஏத்தி வெச்சிட்டேன் போல" என்றாள்.

ஏனடி அப்படிச் சொன்னாய்? கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சண்டை அன்றோடு முடிந்திருக்கும்! யார் கேட்டார்கள் உன் இரக்கத்தை?... பார்த்தீர்களா, இப்போதும் அவள்மீதுதான் பாய்கிறேன்!

மகன் அந்தக் கம்பெனிக்காரனையே கூப்பிட்டுப் பழைய போர்டை மாட்டினான். மறுபடியும் அவன் சாவி. கலைவாணி இப்போது ஒரகடத்துக்கு வேலைக்கு, ஃபேக்டரி வேனில் போகிறாள். கழற்றிய அவளுடைய போர்டு அவள் பெட்டியில், புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது.

உங்களிடம் சொல்வது எளிது. நீங்கள் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் அல்லவே!

இன்றும் மெஷின் நின்றுவிட்டது. அவள் வேனைவிட்டு இறங்கி வந்தபோது, மகன் கம்பெனிக்காரனோடு போனில் கெஞ்சிக்கொண்டிருந்தான். அவள் மெஷினைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உண்மை எனக்கு வாய் வரைக்கும் வந்தது...

"சாப்ட்டீங்களா அத்தே?"

"இல்ல" என்றேன். உள்ளே போய் எனக்குத் தட்டு எடுத்து வைத்தாள்.