எல்லைக்கா, வாய்க்காலுக்கா

எங்கள் வீட்டில் தீபாவளி, பொங்கலுக்கு அடுத்த பெரிய விசேஷம் மத்திய பட்ஜெட். அன்றைக்குச் சண்டை நிச்சயம்.

அப்பா பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். உடனே துப்பாக்கியை நினைத்துவிட வேண்டாம். சேவைக்காலம் முழுக்க அவர் இருந்தது அரிசி, பருப்பு கொடுக்கும் ஸ்டோரில். எதிரியைப் பார்த்ததில்லை, எலிகளைப் பார்த்திருக்கிறார். சித்தப்பா விவசாயி, சங்கத்துக்காரர். தோளில் சிவப்புத் துண்டு இல்லாமல் நாற்றங்காலுக்குக்கூடப் போகமாட்டார். பண்ணையாள் வீட்டில் பிறந்த இரண்டு பேரில் மூத்தவர் ரயிலேறித் தப்பித்தார், இளையவர் கொடி பிடித்துத் தப்பித்தார். எது உசத்தி என்பதுதான் உண்மையான வழக்கு. ராணுவச் செலவு ஒரு சாக்கு.

நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன் என்பதால் தீர்ப்பு சொல்வது என் தலையில். டிவியில் பாதுகாப்புத் துறை ஒதுக்கீடு வந்ததும் “வருசா வருசம் ஏத்துறான்” என்பார் சித்தப்பா. “வருசா வருசம் குறைக்கிறான்” என்பார் அப்பா. கொடுமை என்னவென்றால் இரண்டுமே சரி. ரூபாயாகப் பார்த்தால் ஏறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. நாட்டு வருமானத்தில் பங்காகப் பார்த்தால், நான் சின்னப் பெண்ணாக இருந்த காலத்தைவிட இப்போது குறைவு. இதைப் பலமுறை விளக்கியாயிற்று. இருவரும் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, படித்த பெண்ணே சொல்லிவிட்டாள் என்று எழுந்து போவார்கள்.

இந்தச் சண்டை மேடையேறியது ஒரு காணும் பொங்கல் மாலையில். ஊர் இளைஞர்கள் பட்டிமன்றம் வைத்தார்கள். தலைப்பு: நாட்டுப் பணம் முதலில் போக வேண்டியது எல்லைக்கா, வாய்க்காலுக்கா? அப்பா எல்லை, சித்தப்பா வாய்க்கால். திருவாரூரில் இருந்து வர வேண்டிய நடுவருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். என்னைப் பிடித்து நடு நாற்காலியில் உட்காரவைத்துச் சால்வையும் போட்டுவிட்டார்கள்.

சித்தப்பா முதலில் பேசினார். ஒரு போர் விமானத்தின் விலையில் எத்தனை வாய்க்கால் தூர்வாரலாம் என்று ஆரம்பித்து நன்றாகச் சூடு பிடித்தபோது, தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தின் பக்கம் இருந்து ஒரு போர் விமானம் தலைக்கு மேல் இரைந்துகொண்டு போனது. மைக்கையே விழுங்கும் சத்தம். கூட்டம் சிரித்தது. சித்தப்பா வானத்தைப் பார்த்துக் கையை நீட்டி, போகிறது பாருங்கள் நம் வாய்க்கால் என்றார். நல்ல கைத்தட்டல்.

அப்பா எழுந்தார். பனிமலை, வீரமரணம் என்று எதிர்பார்த்தார்கள். அவரோ, பீரங்கி வாங்கியதைத் தான் பார்த்ததே இல்லை, பருப்பு வாங்கியதைத்தான் பார்த்தேன் என்று ஆரம்பித்தார். ராணுவத்துக்குப் போகிற பணத்தில் பெரும்பங்கு தன்னைப் போன்றவர்களின் சம்பளம், சாப்பாடு, பென்ஷன் என்றார். கணக்கு சரிதான். ஆனால் தன் கட்சியை இப்படித் தானே கவிழ்த்துக்கொள்ளும் பேச்சாளரை நான் பார்த்ததில்லை. பிறகு தம்பி பக்கம் திரும்பினார்.

“நீ வாய்க்காலுக்குக் கேக்குற காசுதாம்ப்பா எனக்குப் பென்ஷனா வருது. அதுலதான் உன் வயல்ல போர்வெல் போட்டோம். மேட்டூர் தொறக்காத வருசம் நீ குறுவை வச்சது ராணுவச் செலவுல.”

கூட்டம் விசிலடித்தது. இதை ஊர் முன்னால் சொல்வார் என்று யாரும் நினைக்கவில்லை. சித்தப்பா முகம் சுருங்கிப்போனது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மைக் இல்லாமலே கேட்டார்.

“சரிண்ணே. எனக்கு நீங்க இருக்கீங்க. பட்டாளத்துல அண்ணன் இல்லாதவன் தண்ணிக்கு என்ன செய்வான்?”

அப்பா, அதுவும் நியாயம்தான் என்று முனகிவிட்டுப் போய்த் தம்பிக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எல்லை அணியில் மிஞ்சியது ஒரு காலி நாற்காலியும் தண்ணீர் பாட்டிலும்.

ஆனாலும் தீர்ப்பு சொல்ல வேண்டுமே. தொகை வேறு, பங்கு வேறு என்று ஆரம்பித்தேன். ஒலிபெருக்கிக்காரர் சற்றும் இரக்கமில்லாமல் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார். என் பொருளாதார வாழ்க்கையில் அதைவிட நேர்மையான விமர்சனம் வந்ததில்லை.

இருவரும் சில வாரம் பேசிக்கொள்ளவில்லை. பட்ஜெட் அன்று சித்தப்பா வரவில்லை. அப்பா டிவியைப் பாதியிலேயே அணைத்தார். பேச்சைத் திரும்பத் தொடங்கிவைத்தது சித்தப்பா மகள். நர்சிங் முடித்தவள், வீட்டில் சொல்லாமலே வடக்கே ஒரு ராணுவ மருத்துவமனை வேலைக்கு விண்ணப்பித்து, தேர்வாகியும் விட்டாள். சித்தப்பா அந்தச் செய்தியோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார், திட்டத்தான். அப்பாதான் தூண்டிவிட்டார் என்று நினைத்துவிட்டார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்ததும், திட்டுவதற்கு ஆள் இல்லாமல் உட்கார்ந்து காபி குடித்தார். பாதிக் காபியில், அங்கே குளிர் எப்படி இருக்கும் என்று கேட்டார். அப்பா உள்ளே போய்த் தன் பழைய கம்பளி ஸ்வெட்டரைத் தேடிக்கொண்டு வந்தார். பூச்சி அரித்திருந்தது.

தஞ்சாவூர் ரயிலடிக்கு எல்லோரும் போனோம். வண்டி கிளம்பும் நேரத்தில் சித்தப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகளிடம் சொன்னார்.

“போறது போற, அங்க ஒரு சங்கம் ஆரம்பிச்சுடு.”

“ஆரம்பிச்சா உள்ள தூக்கிப் போட்டுடுவான், பேசாம இரு” என்றார் அப்பா.

அவள் இருவரையும் பார்த்துச் சிரித்தாள். வண்டி நகர்ந்தது. பட்டாளத்தில் சங்கம் ஏன் கூடாது என்ற புதிய சண்டை பிளாட்பாரத்திலேயே தொடங்கி, பஸ்ஸில் தொடர்ந்தது. நான் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.