கார்மின் சிவப்புக் கச்சை

யூஸ்தைனின் நாய் தெல்லாவைக் கச்சை தைக்கிற ராக்னில் திருடிக்கொண்டு போனாள் என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள். திருட்டுப் போன நாய் அன்று மாலையே எஜமானன் வாசலில் வந்து நின்று மீன்கஞ்சி கேட்டுக் குரைக்குமா? கழுத்தையும் நெஞ்சையும் சுற்றி வாரால் தைத்த புத்தம் புதிய இழுவைக் கச்சை அதன் மேல் பூட்டியிருந்ததை யூஸ்தைனே பார்த்தான். கழுத்தில் சரியாக இரண்டு விரல் நுழைந்தது. அக்குளில் ஒரு சிராய்ப்பு இல்லை. திருடுகிறவள் அளவெடுத்துத் தைத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பி வைப்பாளா?

அவள் ஏரியில் இறங்கிவிட்டாள் என்று கடைக்காரி தூர்டிஸ் காப்பி ஊற்றும்போதெல்லாம் சொல்கிறாளே, அதுவும் பொய். கால்தடம் மேட்டைப் பார்த்துப் போயிருந்தது. ஏரி கீழே கிடக்கிறது. சாகப் போகிறவள் எதற்கு மூட்டு வலியோடு மேடேற வேண்டும்? ஸ்வீடன் பக்கம் போகிற பேருந்தின் ஓட்டுநர் அன்று மதியத்துக்கு மேல் மலைச்சாலை நிறுத்தத்தில் அவளைத் தனியாக, நாயில்லாமல் ஏற்றியிருக்கிறார். அந்தப் பக்கம் அவள் தங்கை இருக்கிறாள். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

மிச்சம் இருப்பது பைத்தியம் என்ற பேச்சு. அதற்குத்தான் முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ராக்னில் இருபத்தாறு வயதில் நகரத்தில் கூடாரம் தைக்கிற பட்டறை வேலையை விட்டுவிட்டு, ஒரு கனத்த தையல் இயந்திரத்தைத் தபால் பேருந்தின் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்குக்குத் திரும்பி வந்தவள். கடையில் வாங்கிய கச்சை அவளுடைய நாயின் அக்குளை ரத்தம் வர அறுத்துவிட்டது. அந்தக் கோபத்தில் தானே ஒன்று தைத்தாள். பிறகு பக்கத்து வீட்டு நாய்க்கு, அதன் பிறகு ஊர் நாய்களுக்கெல்லாம். முப்பத்தைந்து வருஷம்.

நாயோடு உள்ளே வருகிறவனிடம் அவள் கேட்பது ஒன்றுதான்: எதை இழுக்கப் போகிறது? சறுக்குவண்டி என்றால் கயிறு தாழ்ந்து ஓடும், வால்முளை வரை நீண்ட கச்சை வேண்டும். பின்னால் ஓடுகிற மனிதனையோ, காலில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு வருகிறவனையோ இழுப்பதென்றால் கயிறு அவன் இடுப்புக்கு ஏறும். நீண்ட கச்சை அங்கே முதுகை விட்டுத் தூக்கிக்கொண்டு கோணும், அதனால் விலாவோடு நிற்கிற குட்டைக் கச்சை. இவ்வளவு கேட்டபின் அவள் அந்த ஆளைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். நாயின் நெஞ்செலும்பில் உள்ளங்கையை வைப்பாள். கழுத்தடியில் இரண்டு விரலை நுழைப்பாள். பிறகு கயிற்றைத் தன் இடுப்பு வாரில் மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் நாயை இழுக்க விட்டுப் பார்ப்பாள். அவசரப்படுகிறவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்.

“நிக்கிற நாய்க்கு எல்லாக் கச்சயும் பொருந்தும். மேட்டுல இழுக்கட்டும், அப்புறம் பேசு.”

பாதிரியாரின் குண்டு நாயை அவள் தொட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பியது இன்றும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. “மொதல்ல இத எளைக்க வையுங்க. இல்லன்னா நீங்க முன்னால ஓடுங்க, அது பின்னால வரட்டும். கச்சய உங்களுக்குத் தெச்சுத் தர்றேன்.” பாதிரியார் அதை ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்திலேயே சொல்லிச் சிரித்தார். அப்படிப்பட்டவள்.

இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வழக்கம் இருக்கிறது. பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை உறைந்த ஏரியின் மேல் நடக்கிற நாய்ப் பந்தயத்தில் ஜெயித்த கச்சையைக் கழற்றி எறிய மாட்டார்கள். அப்பன் நாய் போட்டதை மகன் நாய்க்குப் போடுவார்கள். பெரிதாக இருந்தால் உள்ளே கம்பளி வைத்துத் தைத்துக்கொள்வார்கள். ராக்னிலும் பலருக்கு அப்படித் தைத்துக் கொடுத்திருக்கிறாள், முணுமுணுத்துக்கொண்டேதான்.

யூஸ்தைனின் கார்ம் மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்த நாய். எருது மாதிரிக் கழுத்து. அது செத்த இலையுதிர்காலம் போய்ப் பனி விழுந்ததும் அவன் அதன் சிவப்புக் கச்சையை எடுத்துக்கொண்டு, அதன் குட்டி ஸ்விப்பையும் கூட்டிக்கொண்டு ராக்னிலிடம் வந்தான். யூஸ்தைனும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், அதனால் பேச்சில் மரியாதையெல்லாம் கிடையாது. ஸ்விப்புக்குத் தாயின் உடம்பு: ஒல்லி, தலைக்கும் கழுத்துக்கும் வித்தியாசம் தெரியாத நீர்நாய் வார்ப்பு. சிவப்புக் கச்சையை மாட்டியதும் கழுத்தில் நாலு விரல் போயிற்று. புதிதாகத் தைத்துத் தருகிறேன் என்றாள். அவன் கேட்கவில்லை. அப்பன் போட்டது, அப்பன் ஜெயித்தது, கம்பளி வை என்றான். வைத்தாள்.

அன்று மழையும் பனியுமாகக் கொட்டியது. மேடு கண்ணாடியாக வழுக்கியது. அவளுக்கு முழங்கால் வேறு வலி. ஸ்விப்பை அடுப்படியிலேயே நிற்க வைத்துக் கழுத்தில் விரலை விட்டாள். இரண்டு விரல்தான் போயிற்று. “சரி” என்றாள். முப்பத்தைந்து வருஷத்தில் மேட்டில் ஏற்றாமல் அவள் சொன்ன சரி அது ஒன்றுதான்.

பந்தயத்தன்றும் அதே ஈரப்பனி. யூஸ்தைனும் ஸ்விப்பும் ஏரியின் நடுவைத் தாண்டிப் போனபோது பனிக்கட்டி உள்ளுக்குள் முழங்கியது. ஏரி முழங்குவது இங்கே யாருக்கும் புதிதல்ல. ஸ்விப்புக்குப் புதிது. நின்றது. கயிறு தளர்ந்தது. பின்வாங்கியது. நனைந்த கம்பளி தட்டையாகிப் போயிருந்ததால், சட்டைக் கையிலிருந்து கையை உருவுகிற மாதிரி அதன் தலை வெளியே வந்துவிட்டது. கரையில் நின்ற ராக்னில் பார்த்தாள்: யூஸ்தைன் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறான், கயிற்றின் முனையில் வெறும் சிவப்புக் கச்சை. ஆறு வந்து விழுகிற இடத்தை நோக்கி, பனிக்கட்டி மெலிந்த அந்தப் பக்கம், கறுப்பாக ஏதோ சின்னதாகிக்கொண்டே போயிற்று. பிறகு வெள்ளை மட்டும். இரண்டு நாள் தேடினார்கள். உடம்புகூடக் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் அவள் யூஸ்தைன் வீட்டுக்குப் போனாள்.

“நான் அத மேட்டுல ஏத்திப் பாக்கல, யூஸ்தைன்.”

அவன் வாஃபிள் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். “ஜாம் போட்டுக்க. ஏரிச் சத்தத்துக்கு மெரண்டுடுச்சு, அவ்வளவுதான்.”

இங்கே அப்படித்தான். யாரும் யாருடைய தப்பையும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். கடையில் போய்ச் சொல்வார்கள். வசந்தம் வருவதற்குள் தூர்டிஸின் காப்பி மேசையில் கதை முடிவாகிவிட்டது: ராக்னிலின் நாய் ஒரு காலத்தில் கார்மிடம் தோற்றதாம், அந்த வன்மத்தில் வேண்டுமென்றே தளர்வாகத் தைத்தாளாம். ராக்னில் எதிர்பார்த்தது மன்னிப்பு அல்ல. ஆமாம், நீ மேட்டில் ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும் என்று ஒரே ஒரு ஆள் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

சிவப்புக் கச்சையை உலர்த்தச் சொல்லி யூஸ்தைன் அவளிடமே விட்டிருந்தான். அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கியது. வார் காய்ந்தது, வளையம் காய்ந்தது. கழுத்துக் கம்பளி மட்டும் காயவில்லை. மார்ச்சில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள், ஈரம். ஏப்ரலில் அழுத்தினாள், ஈரம். விரலை மோந்தால் ஏரித்தண்ணீர் வாடை.

பிறகு இழுப்பு வந்தது. ஒரு நாள் அந்தி மங்கும் நேரம், யாருடைய நாயையோ மேட்டில் சோதித்துவிட்டுக் கயிற்றைக் கழற்றினாள். நாய் போய்விட்டது. இடுப்பு வாரில் இழுப்பு போகவில்லை. காற்றும் இல்லை. மெல்லிய, வயசு குறைந்த இழுப்பு, கீழே ஏரிப் பக்கமிருந்து. கொஞ்ச நேரம் இழுக்கும். எதையோ காதுகொடுத்துக் கேட்பது போல நிற்கும். பிறகு தளரும். அந்தத் தளர்ச்சியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தளர்ந்தால் தலை வெளியே வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும்.

அதனால்தான் தினமும் அந்த நேரத்துக்கு வாரைக் கட்டிக்கொண்டு மேட்டில் போய் நின்றாள், முன்னால் நாயே இல்லாமல், உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு. தூர்டிஸ் கடை ஜன்னலிலிருந்து பார்த்தது இதைத்தான். செத்த நாயை நடை கூட்டிப்போகிறாள் என்றாள். நடையும் இல்லை, விளையாட்டும் இல்லை. தளராமல் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவையாவது தளராமல் பிடித்துவிட்டால் ஸ்விப்பின் தலை வெளியே வராது என்று நினைத்தாள். இதைப் பைத்தியம் என்றால், தன் தப்பைத் தானே சுமக்கிற எல்லோரும் பைத்தியம்தான்.

அடுத்த குளிர்காலம், பந்தயத்துக்கு முந்தின மதியம், யூஸ்தைன் வந்தான். கையில் ஸ்விப்பின் தங்கை தெல்லா. அதே ஒல்லி, அதே நீர்நாய்க் கழுத்து.

“செவப்புக் கச்ச ஒங்கிட்டதான இருக்கு? கம்பளிய மாத்தித் தெச்சு வை. காலைல ஒம்பது மணிக்கு வந்து ரெண்டையும் கூட்டிட்டுப் போறேன்.”

“புதுசு தெச்சுத் தர்றேன். காசு வேணாம்.”

“புதுசு போட்டு எவன் ஜெயிச்சான்? ஒனக்கு முடியலன்னா சொல்லு, தூர்டிஸ்கிட்டயும் ஊசி இருக்கு.”

ராக்னில் ஆணியிலிருந்து கச்சையை எடுத்து அவன் கையைப் பிடித்து அந்தக் கம்பளியின் மேல் வைத்தாள். அவன் சூடு பட்டவன் போலக் கையை இழுத்துக்கொண்டான். ஈரம் அவனுக்கும் தெரிந்தது.

“ஸ்விப் போனது என்னால. ஒரு தடவ, ஆமான்னு சொல்லிடு யூஸ்தைன். அப்புறம் நீ சொல்றத செய்றேன்.”

அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டான். “ஜன்னல தெறந்து வை, ராக்னில். வீடு பூரா ஈர வாடை” என்றான். நாயை விட்டுவிட்டுப் போனான்.

அவன் தலை மறைந்ததும் அவள் கத்தரியை எடுத்தாள். கார்மின் கச்சையைக் கழுத்தில் வெட்டினாள், நெஞ்சில் வெட்டினாள், முதுகில் வெட்டினாள். இனி யாருடைய ஊசியாலும் அதைச் சேர்க்க முடியாது. பிறகு தெல்லாவின் நெஞ்செலும்பில் உள்ளங்கையை வைத்துவிட்டு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். ஆனால் அவளுக்கு யூஸ்தைனைத் தெரியும். புதுக் கச்சையைப் பார்த்தால் வசை பாடிவிட்டு, இன்னொரு வீட்டுச் செத்த நாயின் கச்சையை இரவல் வாங்கி மாட்டி, தெல்லாவை ஏரியில் இறக்குவான். பந்தயம் முடிகிற வரைக்கும் நாய் அவன் கைக்குக் கிடைக்கக் கூடாது. ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும். போனபின் இந்த ஊருக்குத் திரும்பி வந்து தூர்டிஸ் ஊற்றுகிற காப்பியைக் குடிக்கவும் முடியாது.

காலை எட்டு மணிக்கு வெட்டுத்துண்டுகளை மேசையில் பரப்பி வைத்தாள், யூஸ்தைன் கண்ணில் முதலில் படட்டும் என்று. காப்பியைப் பாதி குடித்துக் கோப்பையை அங்கேயே விட்டாள். தெல்லாவுக்குப் புதுக் கச்சையைப் பூட்டி, கயிற்றை இடுப்பு வாரில் மாட்டிக் கதவைத் திறந்தாள்.

தெல்லா மேட்டைப் பார்த்து இழுத்தது. பலமான, நேரான இழுப்பு. அதே நேரம் பின்னால், ஏரிப் பக்கமிருந்து, அந்த மெல்லிய இழுப்பும் வந்தது. காலையில் அது வந்ததே இல்லை. வாசற்படியில் இரண்டுக்கும் நடுவே நின்றாள். கீழே ஏரி முழங்கியது. பின்னால் இழுப்பது நின்று காதுகொடுத்துக் கேட்டது.

தளரவில்லை.

அவள் திரும்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டி, அங்கே இல்லாத கழுத்துக்கும் இல்லாத வாருக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்த்தாள். இரண்டு விரல் போயிற்று. மூன்றாவது போகவில்லை.

“சரி” என்றாள். கதவைச் சாத்தாமல் மேட்டைப் பார்த்து நடந்தாள்.