ஜன்னல் வழியாகப் போனவன்

அசோக் நகர் ஜோயாவின் அவசரம் ஊரறிந்தது. மிக்ஸி ஓடும்போதே மூடியைத் திறப்பவள். தரமணி ஆபீஸில் அவள் புதிதாக எழுதிய புரோகிராமும் அதே வேகத்தில் பறந்தது. சென்னை மழையே அதைப் பார்த்து ஒதுங்கி நிற்கும். ஆனால் அதைச் சோதிக்கும் டெஸ்ட் மட்டும் அடிக்கடி பாதியில் அப்படியே நின்றுவிட்டது.

"அவசரக் கோலம். சாயங்காலத்துக்குள்ள சரியாகலன்னா உன் புரோகிராமை இந்த ரிலீஸ்லேர்ந்து எடுத்துடுவேன்" என்றார் டீம் லீட் காஸ்பர். அந்த டெஸ்டை எழுதியவர் அவரேதான்.

மாதக்கணக்கான உழைப்பாயிற்றே! ஜோயா தன் புரோகிராமை விட்டுவிட்டு டெஸ்டை வரிவரியாகப் படித்தாள். அதில் இரண்டு வேலையாட்கள் (நிரல் துண்டுகள்தான்), ஒரே பூட்டு. பூட்டியவன் மட்டுமே வரிசையிலிருந்து வேலையை எடுக்கலாம். எடுத்ததும் திறந்துவிட வேண்டும். வரிசை காலியாக இருந்தால் மட்டும், பூட்டைத் திறக்காமலே அவன் கிளம்பிவிடுகிறான்!

"சார், உங்க ஆளு பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுட்டு ஜன்னல் வழியா இறங்கிப் போயிட்டான். இன்னொருத்தன் வெளியே துண்டோட நிக்கிறான், பாவம்."

காஸ்பர் குனிந்து பார்த்தார். "இத்தனை நாள் எப்படிம்மா ஓடிச்சு?"

"பழைய புரோகிராம் ஆமை சார். வேலை முடிஞ்சு வரிசை காலியானாத்தானே இவன் மாட்டுவான்!"

எந்த வழியாக வெளியேறினாலும் பூட்டு தானாகத் திறக்கும்படி மாற்றினாள். திரும்பத் திரும்ப ஓட்டினாள், ஒருமுறைகூட நிற்கவில்லை.

காஸ்பர் எல்லோருக்கும் கேட்கும்படி, "தப்பு என்னோடது. ரிலீஸ் பட்டனை ஜோயாவே அழுத்தட்டும்" என்றார்.

ஜோயா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக அழுத்தினாள்.