டீ நேரத்தில் முதுகுக்குப் பத்து நிமிஷம்

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கைவேலை என்று பெயர், எட்டு மணி நேரமும் உழைப்பது என்னவோ முதுகுதான். நின்றே பிழைக்கும் தோழிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வாயைத் திறந்தால் வேலை போச்சு

பாப்பா பிறந்த பிறகு இடுப்புக்கு மேலே ஒரு வலி வந்து குடியேறியது. ரேக்கின் கீழ்த்தட்டிலிருந்து டப்பாவைத் தூக்கினால் கண்ணில் பூச்சி பறக்கும். அடுத்த மாசம் என் கான்ட்ராக்ட் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் கம்பெனி டாக்டர் 'ஃபிட்' என்று எழுத வேண்டும். முதுகு வலி என்று தெரிந்தால் வீட்டுக்குத்தான்.

அதனால் லைனில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித் தரும் மேடத்திடம் மட்டும் அழுதேன். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கிப் பத்து எண்ணச் சொன்னார். அப்புறம் குழந்தை தவழ்வது மாதிரி இருந்து, வலது கையையும் இடது காலையும் நீட்டி, பிறகு மாற்றி நீட்ட வேண்டும். மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. "தினம் ரெண்டு வேளை செய்யணும். இந்த ரோட்ல கம்பெனி நூறு இருக்கு, முதுகு உனக்கு ஒண்ணுதாம்மா."

வீட்டில் குதிரை

ஸ்ரீபெரும்புதூரில் எங்களுக்கு ஒரே ரூம். நான் தவழ்ந்தால் பாப்பா முதுகில் ஏறி "டுர்ர்" என்பாள். மல்லாந்தால் வயிற்றில் சவாரி. நைட் ஷிப்ட் முடிந்து படுத்திருந்த என் வீட்டுக்காரர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "ஏறட்டும் வுடு. ஜிம்முல வெயிட்டு வச்சுத்தான் செய்யறானுங்க."

ரேக்குக்குப் பின்னால்

எங்கள் லைன் டீக்காக நிற்காது. இரண்டிரண்டு பேராக மாறி மாறிப் போவோம். என் பத்து நிமிஷத்தில் ரேக்குக்குப் பின்னால் அட்டையை விரித்துப் படுப்பேன். பக்கத்து ஆள் செல்வியிடம் மட்டும் வேறு வழியில்லாமல் சொல்லியிருந்தேன், அவள்தான் காவல். மூன்று வாரத்தில் வலி பாதியாகக் குறைந்தது. செல்வியின் பொறுமையும்தான். "இன்னாடி, பத்து எண்ண இம்மா நேரமா? என் டீ ஆறிக்கினு கீது!"

சிவப்புக் கயிறு

அன்றைக்கு செல்வி லீவு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மூன்றே நாளான முத்துமாரி, டப்பா எடுக்க ரேக்குக்குப் பின்னால் வந்தாள். கண்ணை மூடி, உதடு முணுமுணுக்க, இடுப்பு அந்தரத்தில் நிற்க நான் கிடந்ததைப் பார்த்தாள். வலிப்பு என்றே முடிவு கட்டிவிட்டாள். லாக்கர் சாவிக்கொத்தை என் கையில் திணித்துவிட்டு, ஓடிப் போய் லைனை நிறுத்தும் சிவப்புக் கயிற்றை இழுத்தாள். சைரன் அலறியது. எழுந்து உட்கார்ந்தால் சுற்றிலும் இருபது முகம். "யக்கா, முழிச்சிட்டியளா? சாவிய விட்டுராதிய, இறுக்கிப் பிடிங்க!"

காரணம் என்ன?

லைன் நின்றால் காரணத்தை எழுதி மேனேஜர் வரைக்கும் அனுப்ப வேண்டும். சூப்பர்வைசர் பேப்பரோடு வந்தார். காரணமில்லாமல் இழுத்திருந்தால் முத்துமாரி நாளைக்கு வர வேண்டாம் என்றார். வலிப்பு என்று பொய் சொன்னால் அவள் தப்பிப்பாள், என்னை எந்த லைனிலும் நிற்க விட மாட்டார்கள். ஒன்றுமில்லை என்றால் அவள் போவாள். உண்மையைச் சொன்னால் நான்.

"முதுகு வலி சார். அதுக்கு எக்சர்சைஸ் செஞ்சேன். இவ பயந்துட்டா, இவ மேல தப்பில்ல."

அவர் என்னைக் கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் குனியச் சொன்னார், காலைத் தூக்கச் சொன்னார், டப்பாவைத் தூக்கச் சொன்னார். முதுகு சொன்ன பேச்சைக் கேட்டது. 'ஃபிட்' என்று எழுதினார். கீழே இன்னொரு வரி: டப்பாக்களை இடுப்பு உயரத்தில் வைக்கவும். முத்துமாரியின் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. சீட்டைப் படித்த சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, இத வாயால சொல்லக் கூடாதா? படுத்துத்தான் சொல்லணுமா?"

வலியைவிட, வலி இல்லாதவள் மாதிரி நடித்ததில்தான் எனக்கு முதுகு அதிகம் வலித்தது.